நான் எழுதிய மூன்றாவது விதி

1. ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. அலை இடுப்பளவு. சுத்தமாக மடிந்துகொண்டிருந்தது.

2. ஸ்கூட்டரின் பக்கக் கம்பியிலிருந்து சர்ஃபிங் பலகையை அவிழ்த்து மணலில் வைத்து மெழுகு தேய்த்தேன். கால் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அடியில் இருக்கும் மூன்று ஃபின் துடுப்புகளின் திருகுகளையும் முடுக்கினேன்.

3. வலைக் கொட்டகையின் சுவரில் புது அறிவிப்பு மாட்டியிருந்தது. சர்ஃபர்களுக்கான கோடைக்கால விதிகள், ஏப்ரல் முதல் ஜூன் வரை. லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்திருந்தார்கள். எழுத்துரு நான் தேர்ந்தெடுத்தது. எண் வரிசை நான் போட்டது.

4. கொட்டகை வாசலில் குப்பத்துப் பெண் ஒருத்தி ஆரஞ்சு நிறக் கைப்பட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடமாக என்னோடு அலையேறுகிறவள். என்னிடம் ஆதார் கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நீட்டினேன்.

5. திருப்பிப் பார்த்தாள். "அக்கா, காஞ்சிபுரம்னு போட்டிருக்குது."

6. "இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சுவரைக் காட்டினாள். "மூணாவது ரூலு. நீதானக்கா எழுதுன?"

7. நான்தான் எழுதினேன்.

8. ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, நனையாத பலகையைத் திரும்பவும் ஸ்கூட்டரில் கட்டினேன்.

மூன்றாவது விதி இது: "காலை ஆறு முதல் ஒன்பது மணி வரை, வலைக் கொட்டகைக்குத் தெற்கே உள்ள அலைப்பகுதி லோக்கல் சர்ஃபர்களுக்கு மட்டும். லோக்கல் சர்ஃபர் என்பவர் இந்த ஊராட்சி எல்லைக்குள் முகவரி உள்ளவர். முகவரிக்கு ஆவணம் காட்டிக் கைப்பட்டை பெற்றுக்கொள்ள வேண்டும்."

ஒன்பது மணிக்கு மேல் அதே இடத்தில் இரண்டு கொடி நட்டுக் குளிக்க வருகிறவர்களுக்கு விட்டுவிடுவார்கள். அது நான்காவது விதி. வெளியூர்க்காரர்கள் பயிற்சியாளரின் வகுப்பில் சேர்ந்து வடக்கு ஓரத்தில் மட்டும் இறங்கலாம். அது ஐந்தாவது. வடக்கு ஓரத்தில் நுரைதான் வரும், அலை வராது. இவற்றையும் நானே எழுதினேன். ஆக, கோடை முழுவதும் எனக்கு அந்தக் கடலில் இடமில்லை. அங்கே மே மாதம் நடக்கும் சர்ஃபிங் போட்டியில் லோக்கல் பெண்கள் பிரிவிலும் இடமில்லை. அந்தப் பிரிவுக்காகப் பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறு விடாமல் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன்.

காஞ்சிபுரத்தில் நான் சர்ஃபிங் செய்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். "பாலாத்துலயே தண்ணி இல்ல, இவ அலை மேல நிக்கிறாளாம்" என்று ஒரு கல்யாண வீட்டில் சித்தி பந்திக்கே கேட்கும்படி சொன்னாள். நான் மெக்கானிக்கல் படித்தவள். ஒரகடத்தில் வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. நான்கு வருடம் முன்பு கம்பெனியில் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். ஒரு மணி நேர வகுப்பு. நான் பலகை மேல் நின்றது மூன்று நொடி இருக்கும். அடுத்த ஞாயிறே திரும்பப் போனேன்.

வீட்டிலிருந்து அந்தக் குப்பம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போக வேண்டும். முதலில் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். சர்ஃபிங் பள்ளியில் பழைய பலகை ஒன்றை விலைக்கு வாங்கிய அன்று, "இத மேலயும் போட முடியாது, உள்ளயும் போட முடியாதும்மா. நீ வேணா இதும்மேல ஏறிக்கினு வா" என்றார் கண்டக்டர். பிறகுதான் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கம்பிச் சட்டம் வெல்டிங் வைத்தேன். பலகை ஏழடி இரண்டங்குலம். எங்கள் ஊர் வெயிலில் மெழுகு உருகி ஓடிவிடும் என்பதால் அப்பாவின் பழைய வேட்டியை நனைத்துச் சுற்றிக் கட்டுவேன். மெழுகுக் கட்டி ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அம்மா ஒரு முறை அதைக் கற்பூரம் என்று எடுத்துப் போய்ப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள்.

குப்பத்தில் எனக்கு உறவு யாரும் இல்லை. ஆனால் கரைவலை இழுக்க ஆள் குறைந்தால் என்னையும் கூப்பிடுவார்கள். நானும் கயிற்றைப் பிடிப்பேன். யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்டதில்லை. கேட்காமல் இருந்தவரை எந்தச் சிக்கலும் இல்லை.

போன கோடையில் வாடகைப் பலகையோடு வந்த ஒருவன் கால் கயிறு கட்டாமல் இறங்கினான். விழுந்தான். பலகை தனியாக அலையில் வந்து, முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு பெண்ணின் முகத்தில் அடித்தது. முன்பல் இரண்டு போயின. ஊரில் பஞ்சாயத்து கூடி, விதி போடுங்கள், இல்லையென்றால் எல்லாரையும் நிறுத்திவிடுவோம் என்றது. அதனால் இந்த பிப்ரவரியில் சர்ஃபர்கள் எல்லாரும் வலைக் கொட்டகையில் உட்கார்ந்தோம். சர்ஃபிங் பள்ளி நடத்தும் அண்ணன்தான் கமிட்டித் தலைவர். மீனவர். அந்தக் கரையில் முதன்முதலில் பலகை மேல் நின்றவர் அவர். "யாருப்பா எழுதறது?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பேனா எடுத்தேன். கால் கயிறு கட்டாயம், கரைவலை இழுக்கும்போது பலகை இறங்கக் கூடாது, ஒரு அலையில் ஒருவர்தான். இதெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. காலை மூன்று மணி நேரம் லோக்கலுக்கு மட்டும் என்று அவர்கள் சொன்னபோது நான் நிறுத்தினேன்.

"லோக்கல்னா யாருண்ணா?"

"லோக்கல்னா லோக்கல்தாம்மா. நம்மாளுங்க. இதுக்கு இன்னா வெளக்கம்?"

"நோட்டீஸ்ல நம்மாளுங்கன்னு போட முடியாதுண்ணா. நாளைக்கு சர்ஃப் கேம்ப் நடத்தற கேம்ப்காரன் வேன்ல முப்பது பேர ஏத்திக்கினு வந்து, நானும் ஒங்காளுதான்னு சொன்னா?"

"மொறைப்பேன்."

கொட்டகையே சிரித்தது.

"மொறைக்கறத ரூல்ல எழுத முடியாதுண்ணா."

இன்னும் சிரித்தார்கள். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊராட்சி எல்லை, முகவரி, ஆவணம் என்று எழுதி, உரக்கப் படித்தேன். சரி என்றார்கள். ஊராட்சியில் முத்திரையும் வாங்கினார்கள்.

என் வேலையில் பாகங்களைச் சரிபார்க்கும் அளவி ஒன்று புதிதாக வந்தால், அதை உடனே உபயோகிக்க மாட்டோம். கெட்டது என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்த பாகம் ஒன்றை அதில் வைத்துப் பார்க்க வேண்டும். அது தள்ள வேண்டும். பிறகு நல்லது என்று தெரிந்த பாகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அது ஏற்க வேண்டும். இரண்டும் செய்தால்தான் கையெழுத்து. மூன்றாவது விதியை நான் கேம்ப்காரனை வைத்துப் பார்த்தேன், தள்ளியது. வேனில் வருகிறவர்களை வைத்துப் பார்த்தேன், தள்ளியது. நல்ல பாகத்தை வைத்துப் பார்க்கவே இல்லை. புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பையன் இப்படிச் செய்தால் அவன் தாளைத் திருப்பி அனுப்புகிறவள் நான்.

அந்த ஞாயிறு எட்டேகாலுக்கெல்லாம் ஊர் திரும்பிவிட்டேன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் நெசவு வீடுகள் அதிகம். விடியும்போது தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். பாவு போடுவது என்று சொல்வோம். பாவு இருக்கும்போது வண்டி உள்ளே வரக் கூடாது. யாரும் இதை எழுதி மாட்டவில்லை. கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் வழக்கமாக அவர்கள் குச்சி நடுவதற்கு முன் கிளம்பி, பாவைச் சுருட்டிய பிறகு மதியம் திரும்புவேன். அன்று தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஏழடிப் பலகையோடு நின்றேன். நூலுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமா நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, கடலுக்கு இன்னிக்கி லீவா?"

"ஆமா மாமா."

"பலக காஞ்சி கெடக்குதே."

"காஞ்சுதான் கெடக்குது."

குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் திரும்பவும் நூலுக்குக் குனிந்தார். அரை மணி நேரம் நின்றேன். தெருவில் போனவர்கள் வந்தவர்கள் எல்லாரும் என்னையும் பலகையையும் பார்த்தார்கள்.

அப்பா ஒரு பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். ஞாயிறன்று பத்து மணிக்குத்தான் போவார். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துப் பேப்பரை மடித்து வைத்தார்.

"எங்க கடையில பாதி பொடவ வெளியூர்ல நெய்ஞ்சது. காஞ்சிபுரம்னு சொல்லித்தான் குடுத்துக்கினு இருக்கோம். பொடவ வாயத் தொறக்குதா?"

"அது பொய்ப்பா."

"பொய்தான். யாரு இல்லன்னா? நாலு வருஷமா ஒன்ன ஒருத்தனும் கேக்கல. நீயா கேள்வி கேட்டு, நீயா பதில் எழுதி, சீல் வெச்சுக் குடுத்திருக்க."

"ஒருத்தங்களுக்குப் பல்லு போச்சுப்பா. ரூல் வேணும்."

"வேணும்தாம்மா. ஒன்ன வெளிய வெச்சு எழுதுன்னு யாரு சொன்னா?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இட்லி அப்படியே இருந்தது. அவர் சொன்னதில் ஒரு பிழை இருந்திருந்தால் எனக்கு அன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு பலகை இல்லாமல் போனேன், அண்ணனை நேரில் பார்த்துப் பேசுவதற்காக. அவர் தண்ணீரில் இருந்தார். கரையில் காத்துக்கொண்டிருந்தபோது கைப்பட்டைக்காரி அலையில் வருவதைப் பார்த்தேன். நல்ல அலை. வலது பக்கமாக நீளமாகத் திறந்துகொண்டே வந்தது. அவளுக்கு முன்னால் ஒரு ஆள் குறுக்கே புகுந்தான். அவள் பலகையைத் திருப்பிக்கொண்டு விழுந்தாள். அவனும் இரண்டு நொடியில் விழுந்தான். எழுந்து கரைக்கு நடந்து வந்தான். புத்தம்புதுப் பலகை, புத்தம்புது நீச்சலுடை. கையில் ஆரஞ்சுப் பட்டை.

எனக்கு அவனைத் தெரியும். சென்னைக்காரன். சாலையோரம் பெரிய காம்பவுண்டுக்குள் ஒரு பங்களா கட்டி வைத்திருக்கிறான். லீவு விட்டால் வருவான். அந்தப் பங்களாவின் வீட்டுவரி ரசீதில் ஊராட்சியின் பெயர் இருக்கிறது.

"ஹாய்! நீங்க இன்னிக்கு உள்ள வரலியா?" என்றான்.

"எனக்குப் பட்டை இல்ல."

"ஓ. இந்த வருஷம் ரூல்ஸ் ரொம்ப க்ளியர் இல்ல? யாரு எழுதுனாங்களோ, குட் ஜாப்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. காது சூடாகும். அவன் போன பிறகு அவன் காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கால் கயிற்றை மணலில் இழுத்துக்கொண்டு போயிருந்தான். அதற்கும் என் பட்டியலில் ஒரு விதி உண்டு.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"எனக்குத் தெரியும்மா, நீ எதுக்கு வந்திருக்கன்னு. ஒண்ணும் பிரச்சன இல்ல. எங்க வூட்டு மாடில நீ குடியிருக்கற மாதிரி ஒரு ரெண்டல் அக்ரிமெண்ட் போட்டுக்கலாம். நாளைக்கே பட்ட."

"நான் அங்க குடியில்லியே அண்ணா."

"பேப்பர்லதாம்மா."

"ஒரு வரிய மாத்துங்க. அது ஈசி இல்லியா?"

"சீல் வெச்சது. இப்ப ஒரு வரி தொறந்தா கேம்ப்காரன் மொத்த வண்டியோட உள்ள வருவான். நீயே சொன்னியே அன்னிக்கி."

"அந்த ஆளு வரலாம், நான் வரக் கூடாதா?"

"அவன் வரி கட்றான்மா. ரூலு அப்பிடி." பிறகு, சமாதானமாகப் பேசுவதாக நினைத்து, "ஒன்ன யாரு வெளியாளுன்னு சொன்னா? நீ நம்மாளு. அதான் மாடிய குடுக்கறேன்" என்றார்.

நம்மாளு என்பதற்குப் பொய்ப் பத்திரம் எதற்கு என்று கேட்டேன். அவருக்கு அது திமிராகப் பட்டது. முகம் மாறிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மே மாதம் போட்டிக்கு நான்கு நாள் முன்பு வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. நோட்டுத் தாளில் பெயர்கள். யார் யாரோடு எந்தச் சுற்றில் இறங்குகிறார்கள் என்று அட்டவணை போட்டுத் தர வேண்டும். ஒவ்வொரு வருடமும் நான்தான் செய்து தருவேன். எக்ஸெலில் ஏற்றினேன். லோக்கல் பெண்கள் பிரிவில் மூன்று வரி இருந்தது. கைப்பட்டைக்காரி, அவள் தங்கை, இன்னொரு பெண். நான்காவது என் பெயர். அதன் மேல் கோடு.

போட்டி விதிகளும் என் கைவேலைதான், இரண்டு வருடம் முன்பு எழுதியது. ஒரு பிரிவில் நான்கு பேருக்குக் குறைந்தால் அந்தப் பிரிவு நடக்காது.

உடனே அண்ணனுக்கு போன் செய்தேன். "மூணு பேர்தான் இருக்காங்க. பொண்ணுங்க பிரிவே நடக்காது. நாலுங்கறத மூணுன்னு மாத்துங்க. இல்லன்னா என்னச் சேருங்க."

"ஒண்ண மாத்துனா எல்லாரும் ஆளாளுக்கு மாத்தச் சொல்லுவாங்கம்மா. இன்னிக்கி ராத்திரிக்குள்ள அக்ரிமெண்ட்ல கையெழுத்து போட்டு அனுப்பு. நாலு ஆய்டும். ஒன்னாலதான் நடக்கணும்னு இருக்குது. எனக்கு இன்னா?"

போனை வைத்த பிறகு சமையலறையில் போய் நின்றேன். ஒரு கையெழுத்து. அப்பா தினமும் வாயால் செய்வதை நான் ஒரு முறை பேனாவால் செய்ய வேண்டும். வேலையில் ஒரு நாள்கூட நான் பார்க்காத பாகத்தைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டதில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. போட்டால் யாராவது ஒருவரின் பிரேக் பிடிக்காது, அவ்வளவுதான். இதில் யாருடைய பிரேக்கும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பிறகு அந்த பங்களாக்காரன் நினைவு வந்தது. அவன் நிஜ ரசீதோடு உள்ளே இருப்பான், நான் போலிப் பத்திரத்தோடு அவன் பக்கத்தில் அலைக்குக் காத்திருப்பேன். முடியாது என்று அனுப்பினேன். அட்டவணையையும் போடவில்லை. நான்கு வருடத்தில் அவர்களுக்கு நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

போட்டி நாளன்று போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பந்தல், மைக், கொடி, இலவச மோர். பெண்கள் பிரிவுக்கு ஒதுக்கிய அரை மணி நேரத்தில் ஆண்களின் இரண்டாம் சுற்றை நீட்டிவிட்டார்கள். கைப்பட்டைக்காரி முழு உடையில், பலகையில் மெழுகு தேய்த்துவிட்டு, பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"எதுக்கு வந்த?"

"ஒன்னப் பாக்க."

"பாத்துக்கினியா? போ."

"நான் அண்ணன்கிட்ட சொன்னேன், மூணுன்னு மாத்தச் சொல்லி..."

"அண்ணன் மாத்தாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ ஒரு கையெழுத்து போட்டிருக்கலாம்ல?"

"பொய்க் கையெழுத்து."

"எங்க அத்த மவன் கல்யாணத்துக்கு பத்திரிகையில ஒம்பேரையும் எங்க குடும்பத்தோட சேத்துப் போட்டுச்சு எங்கம்மா. அது பொய்யா? நீ எங்க வூட்டு ஆளா?"

அவளே தொடர்ந்தாள்.

"நீ சுத்தமா இருந்துக்கினே. நான் அஞ்சு மாசமா மூணு மணிக்கு எழுந்து மீனு ஏத்தி அனுப்பிட்டு வந்து ப்ராக்டிஸ் பண்ணேன். ஒன்னோட ரூலு ஒன்ன மட்டுமா வெளிய போட்டுச்சு? என்னையும் சேத்துத்தான் போட்டுச்சு. நான் இந்த ஊர்லயே பொறந்தவ."

மைக்கில் அடுத்த சுற்றுக்கான பெயர்களைப் படித்தார்கள். அவற்றில் பங்களாக்காரன் பெயரும் இருந்தது. அவள் பலகையை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போகவில்லை.

வீட்டுக்கு வந்து குளிக்காமல் உட்கார்ந்து மூன்றாவது விதியைத் திருத்தி எழுதினேன். "லோக்கல் சர்ஃபர் என்பவர், இந்தக் கரையில் இரண்டு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து அலையேறுபவர் என்று குப்பத்தைச் சேர்ந்த இரண்டு சர்ஃபர்களின் சான்று பெற்றவர்." இந்த முறை கெட்ட பாகத்தை வைத்துப் பார்த்தேன். பங்களாக்காரனுக்காகச் சான்று சொல்லக் குப்பத்தில் இரண்டு பேர் கிடைக்க மாட்டார்கள். கேம்ப்காரனுக்கும். நல்ல பாகத்தையும் வைத்துப் பார்த்தேன். அது நான். கூடவே பிரிவுக்கு நான்கு என்பதை இரண்டு என்று மாற்றினேன். கமிட்டியில் ஒரு திருத்தத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் குப்பத்துச் சர்ஃபர்கள் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். பன்னிரண்டாவது விதி. அதையும் யார் எழுதியது என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது ஜூன் இரண்டாவது வாரம். விதிகள் மாத முடிவு வரை இருக்கின்றன. கமிட்டி அடுத்து கூடுவது ஜூலையில். பெண்கள் பிரிவு இந்த வருடம் நடக்கவில்லை, திரும்ப நடத்தப்போவதும் இல்லை. என் பலகை ஹாலில் சுவரோரம் நிற்கிறது. அதன் மேல் அம்மா துணி காயப்போடுகிறாள். திருத்தத்தாளைக் கைப்பட்டைக்காரியின் தங்கையிடம் கொடுத்தனுப்பினேன். தங்கை கையெழுத்துப் போட்டு, தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். இரண்டாவது கோட்டில் இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. தாள் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.